பன்னித் தாடையும் ஒரு கிண்ணம் கஞ்சியும்

"நீ எடு."

"நான் எதுக்கு எடுக்கணும்? மொதல்ல பாத்தது நீதான?"

"பாத்தவன்தான் எடுக்கணும்னு சட்டமா? ஜும்ஆ தொழுகைக்குக் குளிச்சு முழுகிட்டு வந்து நிக்கறேன்யா. இதத் தொட்டா மறுபடி குளிக்கணும்."

"துண்டால புடிச்சு எடு."

"என் துண்டாலயா? உன் தலப்பாக் கட்டு என்ன ஆச்சு? அது என்ன ரொம்ப சுத்தமா இருக்கா?"

மாவுக் கிடங்குச் சந்துல திரும்பறதுக்கு முன்னாடியே இந்தச் சண்டை ஷிப்லு காதுல விழுந்துச்சு. திரும்பிப் பாத்தா கடைக்காரங்க ரெண்டு பேரு, நடுவுல தரையில என்னவோ கிடக்கு, சுத்தி ஊரே நிக்குது. கிடங்கு இருந்த எடத்துல கிடங்கு இல்ல. கருகின உத்திரமும் கறுப்புத் தூசியும்தான். ராத்திரி பத்திக்கிட்டது இன்னும் பொகஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மாவு எரிஞ்சதுல ரொட்டி சுடற வாசம் வேற. அதான் பெரிய கொடுமை. பட்டினி கிடக்கற சூர் பட்டணம் முழுக்க அந்த வாசம் அடிக்குது, வாயில போட ஒரு துண்டு கிடையாது.

ஷிப்லு எடைக்கல் பாக்கறவன். சந்தையில யாரு கள்ளத் தராசு வச்சிருக்கான்னு கண்டுபுடிக்கறது அவன் பொழப்பு. அவனுக்கு மேல இருக்கறவரு முஹ்ரிஸ், சந்தைக் கண்காணி. ஒல்லியான மனுசன், ஒரு கால் கொஞ்சம் இழுக்கும், பேச்சு கம்மி. சிலுவ ஏந்தின பரங்கிப் படை மதிலுக்கு வெளிய கூடாரம் போட்டு, வெனிஸ்காரன் கப்பல் கடல் பக்கம் மறிச்சதுலேந்து சந்தையில நிறுக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா திருட்டும் பொரட்டும் குறையல. எவன் வீட்ல என்ன காணாமப் போனாலும் மொதல்ல இவங்க ரெண்டு பேரத்தான் தேடுவாங்க.

"அண்ணே, வழி விடச் சொல்லுங்க. தராசு வந்துடுச்சு"ன்னு கூட வந்த முஹ்ரிஸ்கிட்ட சொல்லிட்டு ஷிப்லு கூட்டத்துக்குள்ள பூந்தான். தோள்ல தொங்கின தராசுத் தட்டைக் கழட்டி, கிடந்ததுக்கு அடியில விட்டு அள்ளினான். "அப்பாடா. இன்னிக்கு நிறுக்கறதுக்கு இதாச்சும் கிடைச்சுதே."

தட்டுல ஒரு தாடை எலும்பு. கடவாய்ல வளைஞ்ச கோரப்பல்லு. சுட்டுத் தின்னு, உறிஞ்சிப் போட்ட எலும்பு.

"பன்னி"ன்னாரு முஹ்ரிஸ்.

"ஆமாண்ணே. ஆட்டுக்குட்டி இவ்ளோ கோவமா மொறைக்காது."

யாரும் சிரிக்கல. மதில் மேல வெளியிலேந்து கல்லு ஒண்ணு வந்து மோதிச்சு. காலுக்கடியில தரை அதிர்ந்துச்சு. அதுக்கும் யாரும் திரும்பல. அது பழகிப்போச்சு.

சூர்ல பன்னி வந்ததே ஒரே ஒரு வழியாத்தான். செவ்வாய்க்கிழமை எகிப்துலேந்து ஒரு கப்பல் வெனிஸ்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு உள்ள வந்துச்சு. கப்பல்காரங்க அத்தன பேரும் தாடிய வழிச்சுட்டு, பரங்கிச் சட்டை மாட்டி, பாயில சிலுவ வரைஞ்சு, மேல்தட்டுல மூணு பன்னிய அவுத்து விட்டுட்டாங்க. பன்னிய ஏத்திக்கிட்டு எந்த முஸ்லிம் வருவான்? வெனிஸ்காரன் கையக் காட்டி வழி விட்டுட்டான். கப்பல் முழுக்க மாவு. ஊரே அழுதுச்சு. பன்னிய மட்டும் கொன்னு கடல்ல போடச் சொல்லிட்டாங்க.

அந்த மாவுதான் வியாழக்கிழமை ராத்திரி எரிஞ்சது.

கிடங்குக்கு அடுத்த சுவரு சர்கீஸோட ரொட்டி அடுப்பு. சர்கீஸ் இந்த ஊர்லயே பொறந்து வளந்த கிறிஸ்தவன். கிடங்கு வாசல்ல பன்னித் தாடை கிடந்தா ஊரு யாரச் சொல்லும்?

சர்கீஸை ரெண்டு சிப்பாய் புடிச்சு நிறுத்தியிருந்தாங்க. ஒரு காலத்துல வாசல்ல நின்னா வெளிச்சத்த மறைக்கற ஆளு. இப்ப சட்டை மட்டும்தான் அந்த அளவு. புருவத்துல இன்னும் மாவு ஒட்டியிருந்துச்சு. பக்கத்துல தளபதி சுங்குர், டமாஸ்கஸ்லேந்து வந்த துருக்கி. அவரு கையில கயிறு.

"சாயங்கால அஸர் தொழுகை முடிஞ்சதும் மதில் மேல தூக்கு. வெளிய இருக்கற பரங்கியும் பாக்கட்டும்"னாரு சுங்குர்.

"இவனோட நிறுத்தக் கூடாது தளபதி. அந்தத் தெரு பூரா இவன் ஆளுங்கதான்"ன்னு கூட்டத்துல ஒரு குரல். "ஆமா"ன்னு பல குரல். ஷிப்லு கூட்டத்தத் திரும்பிப் பாத்தான். அந்தத் தெருவுல புள்ளைங்க இருக்குதுங்க.

"முஹ்ரிஸ், நீ சொல்லுய்யா"ன்னான் சர்கீஸ். அவன் குரல் ஒடைஞ்சிருந்துச்சு. "அப்போஸ்தலருக்கு நோன்பு நடக்குது. பேதுரு திருநா வர்ற வரைக்கும் கறி தொடமாட்டேன். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்"னான் ஷிப்லு. "கோட்டையிலேந்து வர்ற கறிக்கஞ்சியில இவன் பங்கு எனக்குத்தான் வருது. இவன் சாமிக்கு நோன்பு, என் வயித்துக்குத் திருவிழா. ஊருக்கே தெரிஞ்ச கதைதான்."

சுங்குர் அவன ஏற எறங்கப் பாத்தாரு. "ஊரு பாக்க நோன்பு இருக்கறவன், இருட்டுல தின்ன மாட்டானா?"

ஷிப்லு தராசுத் தட்டை முஹ்ரிஸ் பக்கம் நீட்டினான். 

முஹ்ரிஸ் தாடையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாரு. "பன்னியத் தின்னவன்தான் தீ வச்சவன். காத்திருந்த நேரத்துல தின்னிருக்கான். அது வரைக்கும் உங்க கட்சி நான். தின்னது யாருங்கறதுக்கு அஸர் வரைக்கும் நேரம் குடுங்க."

"அஸர் வரைக்கும் நேரம் நான் குடுக்கல. சூரியன் குடுக்குது"ன்னு சுங்குர் நடந்துட்டாரு.

* * *

"மூணு பன்னியக் கடல்ல போடச் சொன்னோம். அதுல ஒண்ணு கிடங்கு வாசல்ல கிடக்கு. அப்ப கடல்ல போடப் போனவன் யாரு?" கப்பல்துறைக்குப் போற வழியில முஹ்ரிஸ் சொன்னது அவ்வளவுதான்.

கப்பல் தலைவன் ஃபுதூஹ் பலகை மேல உக்காந்து கயிறு பின்னிக்கிட்டு இருந்தான். தலப்பா முனைய மூக்குக்குக் கீழ சுத்தி, காதுக்குப் பின்னால சொருகியிருந்தான். அவன் ஆளுங்களும் அப்படித்தான். வந்த நாள்லேந்து தாடை தெரியற மாதிரி ஒருத்தன்கூட வெளிய வரல. தாடி இல்லாம ஊருக்குள்ள நடக்கறது அவனுங்களுக்கு அம்மணமா நடக்கற மாதிரி.

"என்ன தலைவரே, புதுப் பொண்ணு மாதிரி முக்காடு?"

"சிரி, சிரி"ன்னான் ஃபுதூஹ். "மாவு தின்னப்ப யாரும் எங்க தாடியப் பத்திக் கேக்கல." தண்ணி குடிக்கத் துணிய எறக்கினான். ஷிப்லுக்குச் சிரிப்ப அடக்க முடியல. நெத்தியும் மூக்கும் கன்னமும் செம்புப் பானை. அதுக்குக் கீழ தாடை மட்டும் உரிச்ச பூண்டு. வருசக்கணக்கா தாடிக்குள்ள வெயில் படாம கிடந்த தோலு.

"உங்க ஆளுங்க எல்லாரும் இப்படி ரெண்டு நெறமா?"

"எல்லாரும்தான். இந்த வெயில்ல ஒரு வாரத்துல சரியாயிடும். வாரம் உசுரோட இருந்தா."

முஹ்ரிஸ் குறுக்க பூந்தாரு. "பன்னி மூணையும் யாரு கொண்டுபோனது?"

"மர்ஸூக். மத்தவன் எவனும் கிட்டப் போகல, எனக்கென்னன்னு அவன்தான் போனான். நல்ல பையன். வெனிஸ்காரன் பாஷை தெரியும். வர்றப்ப அந்த வெனிஸ்காரன் கப்பல்லேந்து 'எந்த ஊரு'ன்னு கேட்டான், இவன்தான் பதில் சொல்லி எங்களக் காப்பாத்தினான். இல்லன்னா நாங்க எல்லாம் மீனுக்கு எரை."

"எங்கேந்து புடிச்சீங்க அவன?"

"எகிப்துல, தமியாத் துறையில. கிளம்பற அன்னிக்கு வந்து நின்னான். சிசிலிக்காரன், நம்மாளுதான். அழகா தொழுவான்." ஃபுதூஹ் கயித்தக் கீழ வச்சான். "சந்தைக்காரரே, அவன் மேல சந்தேகப்பட்டா என் மேலயும் பட்ட மாதிரி. அந்த மாவுக்காக நாங்க உசுரக் குடுத்தோம். அதப் போய் எங்காளே எரிப்பானா?"

நியாயமான கேள்வி. ஷிப்லு அத யோசிச்சுக்கிட்டே நடந்தான். திரும்பிப் பாத்தா சூரியன் உச்சிக்கு வந்துடுச்சு. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லிட்டாங்க.

* * *

தொழுகை முடிஞ்சு பள்ளிவாசலுக்குப் பின்னாடி கஞ்சி. கோட்டையில சாகக் கிடந்த குதிரைய அறுத்து, வாற்கோதுமைத் தவுடும் போட்டுக் கொதிக்க வச்சது. ரெண்டு நாளா அந்தக் குதிரைதான். அளந்து ஊத்தறது ஷிப்லு வேலை. எடைக்கல்காரன் கையில கரண்டி இருந்தா சண்டை குறையும்னு சுங்குர் நெனச்சாரு. சண்டை குறையல, திட்டுதான் முழுக்க ஷிப்லுக்கு வந்துச்சு.

"எனக்கு மட்டும் தண்ணியா ஊத்தற."

"பெரியம்மா, குதிரையே தண்ணியாத்தான் இருந்துச்சு. நான் என்ன பண்ண?"

மர்ஸூக் வரிசையில வந்தான். நல்ல ஒசரம், பச்சக் கண்ணு, தாடையில துணி. கிண்ணத்துல கஞ்சி விழுந்ததும் ரெண்டு தப்படி வச்சான், நின்னான். கம்ப ஊன்றிக்கிட்டு வந்த கண்ணு தெரியாத கெழவர் ஒருத்தர் கையில அந்தக் கிண்ணத்த அப்படியே வச்சுட்டான். "குடிங்க பெரியவரே. எனக்குப் பசியில்ல." பள்ளிவாசல் தண்ணித் தொட்டிப் பக்கம் போய், ரெண்டு கையாலயும் தண்ணிய அள்ளிக் குடிச்சுட்டு ஓரமா உக்காந்தான்.

வரிசை பூரா வாய்விட்டு வாழ்த்துச்சு. "பாரு, இவன் மனுசன். இவன் கொண்டாந்த மாவ அந்தப் பாவி எரிச்சுட்டான்." ஒரு பொம்பள கண்ணத் தொடச்சுக்கிட்டா.

முஹ்ரிஸ் அவன் பக்கத்துல போய் உக்காந்தாரு. ஷிப்லு கரண்டியோட காத நீட்டிக்கிட்டு நின்னான்.

"பன்னி மூணையும் கடல்லதான் போட்டியா தம்பி?"

"ஆமாங்க. கல்லு கட்டல. அதான் என் தப்பு. ஒண்ணு கரை ஒதுங்கியிருக்கும். யாரோ எடுத்துட்டாங்க." கண்ணு கலங்காம, குரல் ஒசராம சொன்னான். "அந்த ரொட்டிக்காரர்தான்னு சொல்றாங்களே. அவருக்குக் குடும்பம் இருக்கா?"

"பொண்டாட்டி, மூணு பொண்ணு."

மர்ஸூக் தலையக் குனிஞ்சான். "பாவம்"னான்.

அவ்வளவுதான். அதுக்குமேல கேக்க வழியில்ல. முஹ்ரிஸ் காலை இழுத்துக்கிட்டுத் திரும்பி வந்து காலி அண்டாப் பக்கத்துல உக்காந்தாரு. சந்துக்கு அந்தப் பக்கம் மதில் மேல சிப்பாய்ங்க மரம் நட்டு, கயிறு போட ஆரம்பிச்சிருந்தாங்க. கிறிஸ்தவத் தெருவுல வீடு வீடா கதவடைக்கற சத்தம் கேட்டுச்சு. உள்ளேந்து பலகை வச்சு ஆணி அடிக்கறாங்க.

"அண்ணே, ஏதாச்சும் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல ஷிப்லு. ஒண்ணும் தட்டுப்படல."

ஷிப்லு அவரு வாய்லேந்து அந்த வார்த்தையக் கேட்டதே இல்ல.  பயந்தா அவனுக்குப் பேச்சு அதிகமாகும். அதனால பேசினான்.

"அந்த மர்ஸூக்கை ஊரே மெச்சுதுண்ணே. நேத்துப் பாத்திருக்கணும். ஒரு கிண்ணம் வாங்கிக் குடிச்சுட்டு, தலப்பாவ வேற மாதிரி சுத்திக்கிட்டு மறுபடி வரிசையில வந்து நிக்கறான். எனக்குத் தெரியாதா? கரண்டியால கை முட்டியில ஒண்ணு போட்டேன். எலும்புக்காக அழாத குறை. இன்னிக்குப் பசியில்லையாம். ஒரு ராத்திரியில ஞானி ஆயிட்டான். எனக்கும் அப்படி ஆகணும்னு ஆசை, வயிறு விடமாட்டேங்குது."

முஹ்ரிஸ் மெதுவா நிமிந்தாரு.

"நேத்து என்ன கிழமை?"

"வியாழன். ஏண்ணே, பசியில கிழமையும் மறந்துடுச்சா?"

"சர்கீஸ் நேத்துக் கஞ்சி குடிச்சானா?"

"எங்க குடிச்சான்? என் வயித்துல இல்ல போச்சு. நோன்பு ஆரம்பிச்சதுலேந்து அவன் ஒரு நாளும் குடிக்கல."

முஹ்ரிஸ் எழுந்துட்டாரு. கால் இழுக்கறதே தெரியல. "அண்டாவ வழிச்சு ஒரு கிண்ணம் தேத்து. கறி இருக்கணும், ஒரு துண்டாவது. சுங்குரைத் தொட்டிக்கிட்ட வரச்சொல்லு. கப்பல்காரங்க தொழுகைக்குக் கை கால் மொகம் கழுவி ஒளு செய்ய வர்றப்ப நாம அங்க இருக்கணும்."

* * *

அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி. தொட்டியச் சுத்திக் கப்பல்காரங்க உக்காந்து கை கழுவிக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் தள்ளி சுங்குர், மொகத்துல எரிச்சல். சர்கீஸையும் கூட்டியாந்து நிறுத்தியிருந்தாங்க, கைய முன்னால கட்டி. தூக்கு மரத்துக்கு அந்த வழியாத்தான் போகணும். கூட்டமும் வந்துடுச்சு. வெறுங்கையோட யாரும் வரல. கல்லு, கட்டை, கசாப்புக் கத்தி.

கைக்கு அப்புறம் வாய், மூக்கு. அப்புறம் மொகம். மொகத்தக் கழுவணும்னா துணிய எறக்கித்தான் ஆகணும். ஒவ்வொருத்தனா எறக்கினான். ஃபுதூஹ், அவன் பக்கத்துல இருந்தவன், அதுக்கடுத்தவன். செம்புப் பானை, உரிச்ச பூண்டு. செம்புப் பானை, உரிச்ச பூண்டு. ஷிப்லு பாத்துக்கிட்டே வந்தான். கடைசியில மர்ஸூக்.

முழுக்க செம்பு. நெத்தி எந்த நெறமோ தாடையும் அதே நெறம்.



"தளபதி, இந்தத் தாடைங்களப் பாருங்க"ன்னாரு முஹ்ரிஸ். "போன வாரம் தாடிய வழிச்சவன் தாடை எப்படி இருக்கு, இவன் தாடை எப்படி இருக்கு. வேஷத்துக்காக இவன் எதையும் வழிக்கல. பல வருசமா வழிச்சுக்கிட்டே இருக்கான்."

கூட்டம் சலசலத்துச்சு. மர்ஸூக் பதறவே இல்ல. மொகத்தத் தொடச்சுக்கிட்டே எழுந்தான். "ஆமாங்க. சிசிலியில பரங்கி வீட்ல அடிமையா இருந்தேன். அவங்க தாடி வைக்க விடமாட்டாங்க. தப்பிச்சு வந்தேன். அது குத்தமா?"

"அடிமையா இருந்தத அவன் என்கிட்ட அப்பவே சொன்னான்"ன்னான் ஃபுதூஹ். "அடிமையா இருந்தவனோட மொகத்தக் காட்டி அவமானப்படுத்தறீங்களே. வெக்கமா இல்ல?"

கூட்டம் அப்படியே திரும்பிடுச்சு. "விடுங்கப்பா அவன." "அந்தக் கெழவருக்குக் கஞ்சி குடுத்தவன்." "ரொட்டிக்காரன ஏத்துங்க." ஒரு கல்லு பறந்து வந்து சர்கீஸ் தோள்ல பட்டுச்சு. அவன் கத்தல. தலைய மட்டும் குனிஞ்சுக்கிட்டான். சுங்குர் சிப்பாய்க்குக் கைகாட்டிட்டாரு.

அவ்ளோதான்னு நெனச்சான் ஷிப்லு.

முஹ்ரிஸ் மட்டும் அசையல. தொட்டியில ஒரு குவளைத் தண்ணி மொண்டு மர்ஸூக்குக்கு நீட்டினாரு. "மன்னிச்சுக்க தம்பி. வயசாயிடுச்சு, கண்ணு சரியில்ல. வெயில்ல நிக்க வச்சுட்டேன். தண்ணி குடி."

மர்ஸூக் வாங்கினான். "பிஸ்மில்லாஹ்"ன்னு சொல்லி முழுக்கக் குடிச்சான். அழகா, வலது கையால.

"ஷிப்லு, தம்பிக்குக் கஞ்சி குடு. மத்தியானம் தன் பங்கக் கெழவருக்குக் குடுத்துட்டான். ஊரு சார்பா இது நம்ம கடன்."

ஷிப்லு கிண்ணத்த நீட்டினான். அடியில வழிச்சு மறுபடி சுட வச்ச கஞ்சி, மேல ஒரு துண்டு குதிரைக் கறி. ஆவி பறந்துச்சு. சுத்தி நின்ன அத்தன பேரு கண்ணும் அந்தத் துண்டு மேல. பல பேரு எச்சில் முழுங்கற சத்தமே கேட்டுச்சு.

மர்ஸூக் கை கிண்ணத்துக்குக் கிட்ட வந்துச்சு. நின்னுச்சு. மூக்குத் துவாரம் விரிஞ்சுச்சு.  இவ்ளோ கிட்டத்துல நின்னா பசியும் தெரியும், பயமும் தெரியும்.

"வேற யாருக்காவது குடுங்க"ன்னான்.

"உனக்குத்தான்."

"வேணாங்க. நான் இன்னிக்கு நோன்பு."

 மத்தியானம் கஞ்சி வாங்கின அதே கண்ணு தெரியாத கெழவர், கம்பால தரையத் தட்டிக்கிட்டுக் கேட்டாரு. "நோன்புக்காரன் இப்ப குடிச்சது என்ன தம்பி? எனக்குத் தண்ணி சத்தம் கேட்டுச்சே."

 ஃபுதூஹ் கையில புடிச்சிருந்த துணி நழுவிக் கீழ விழுந்துச்சு.

"நம்ம நோன்புல பச்சத் தண்ணி பல்லுல படக்கூடாது"ன்னாரு முஹ்ரிஸ். அவருக்குச் சந்தோசம் இல்ல, களைப்புதான். "மத்தியானமும் தொட்டியில குடிச்சான், இப்பவும் குடிச்சான். தண்ணிக்குத் தடையில்ல, கறிக்கு மட்டும் தடை. எந்த நோன்பு அது? வெள்ளிக்கிழமை கறி தொடாத நோன்பு. பன்னி தின்னவன் கிறிஸ்தவன்தான் தளபதி, அதுல நீங்க சொன்னது சரி. எந்தக் கிறிஸ்தவன்னுதான் பாக்கல. நம்மூரு கிறிஸ்தவனுக்கு இது அப்போஸ்தலர் நோன்பு, வியாழக்கிழமையும் கறி கிடையாது. சர்கீஸ் பங்கு ஷிப்லு வயித்துல போச்சு, சாட்சி இருக்கு. பரங்கிக்கு அந்த நோன்பே கிடையாது. அவன் வியாழக்கிழமை ராத்திரி பன்னி தின்னலாம். வெள்ளிக்கிழமை குதிரையத் தொடமாட்டான். நேத்து எலும்புக்கு அடிச்சுக்கிட்டவனுக்கு இன்னிக்குப் பசியில்லாம போனதுக்கு வேற காரணம் இருந்தா சொல்லட்டும், நானே அவன் காலப் புடிச்சு மன்னிப்புக் கேக்கறேன்." கிண்ணத்த வாங்கி மறுபடி நீட்டினாரு. "ஒரே வாய். ஒரு வாய் சாப்பிடு, சர்கீஸ் தூக்குல ஏறட்டும்."

மர்ஸூக் கிண்ணத்தப் பாத்தான். சர்கீஸைப் பாத்தான். 

"மாட்டேன்"னான். குரல் அதேதான், ஆனா அதுல இருந்த மரியாதப் பேச்சு போயிடுச்சு. "கிளம்பறப்ப சிலுவ முன்னாடி வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். இங்க என்னிக்கு வேணா சாவேன், பாவமன்னிப்புக் குடுக்க சாமியார் கிடையாது. பொய் சொல்லிட்டேன், தொழுதுட்டேன், தீ வச்சுட்டேன். எல்லாம் எங்க ஆளுங்களுக்காக. கறி திங்கறது மட்டும் என் உசுருக்காகப் பண்ற பாவம் ஆயிடும். அதச் சுமந்துக்கிட்டுச் சாவமாட்டேன்."

"அந்த மாவுல எங்க புள்ளைங்க ஒரு மாசம் பொழைச்சிருக்கும்"னான் ஃபுதூஹ். அவன் அழுதுக்கிட்டு இருந்தான். "நீயும் அதச் சுமந்தியேடா, என்கூட."

"கிடங்குல மிச்சம் இருந்ததும் சேந்து எரியணும்னுதான் கப்பல உள்ள வரவிட்டேன். அந்த ஒரு மாசமும் சண்டை நடந்திருக்கும். மாவு இல்லன்னா கதவத் தெறப்பீங்க. இதுக்குமேல யாரும் சாவமாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "தாடைய சாக்கடையிலதான் எறிஞ்சேன். நாய் இழுத்திருக்கும்போல. இந்த ஊர்ல நாய் இன்னும் மிச்சம் இருக்கும்னு நான் நெனைக்கல."

"அந்த ரொட்டிக்காரன்?"னாரு முஹ்ரிஸ்.

மர்ஸூக் மொகத்தத் திருப்பிக்கிட்டான். அது ஒண்ணுதான் அவனால பாக்க முடியாத எடம்னு ஷிப்லுக்குப் பட்டுச்சு.

சுங்குர் கயிறக் கையில சுருட்டிக்கிட்டே சொன்னாரு. "மரம் நட்டாச்சு. ஆள் மட்டும் மாறுது. சூரியன் விழறதுக்குள்ள முடிங்க." அப்புறம் சிப்பாயக் கூப்பிட்டு, "அவன அவுத்து விடு"ன்னாரு, சர்கீஸ் மூஞ்சியப் பாக்காம. மன்னிப்பெல்லாம் இல்ல. கூட்டமும் கல்லக் கீழ போட்டுட்டு, ஒருத்தர ஒருத்தர் பாக்காம கலைஞ்சுது. கிறிஸ்தவத் தெருவுல ஆணி புடுங்கற சத்தம் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கு யாரும் கதவத் தெறக்கமாட்டாங்க.

* * *

சர்கீஸ் மணிக்கட்டத் தேச்சுக்கிட்டே வந்தான். ஷிப்லுக்கு முன்னாடி நின்னான். சட்டைக்குள்ள கைய விட்டு ஒரு சின்ன மண் கிண்ணத்த எடுத்தான். மேல துணி போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். கஞ்சி. ஆறிப்போய் மேல கொழுப்பு ஆடை கட்டியிருந்துச்சு.

"காவல்ல ஊத்தினாங்க. உனக்குன்னு வச்சேன்."

"தூக்குக்குப் போறவன் எனக்குக் கஞ்சி கட்டி வச்சியா?"

"பின்ன? நோன்பு இன்னும் முடியலையே."

ஷிப்லு அவன் சட்டையப் பாத்தான்.  கல்லு பட்ட சட்டையில, கஞ்சி சிந்தின கறை ஒரு பக்கம், ரத்தக் கறை இன்னொரு பக்கம்.

"என்னால இன்னிக்கு முடியாது சர்கீஸ்."

சர்கீஸ் மதில் பக்கம் திரும்பிப் பாத்தான். மர்ஸூக்கைப் படியில ஏத்திக்கிட்டு இருந்தாங்க. "அப்ப அவனுக்குக் குடு."

"அவனுக்கா? உன்னத் தூக்குல ஏத்த இருந்தவன். அதோட அவனும் திங்கமாட்டான்யா, வெள்ளிக்கிழமை."

"தெரியும். பக்கத்துல வை. ராத்திரி தாண்டினா சனிக்கிழமை."

"ராத்திரி தாண்டாது. சூரியன் விழறதுக்குள்ளன்னு சொல்லிட்டாரு."

"அதுவும் தெரியும்"னான் சர்கீஸ். "நாளைக்குன்னு ஒண்ணு இருக்கற மாதிரி யாராச்சும் அவன நடத்தட்டுமேன்னுதான். மத்தியானம் பூரா என்ன யாரும் அப்படி நடத்தல. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மதில்ல இன்னொரு கல்லு மோதிச்சு. சர்கீஸ் வீட்டுப் பக்கம் நடந்தான். மாவு இல்லாத ரொட்டிக்காரன் என்ன பண்ணுவானோ அதப் பண்ணப் போனான், அடுப்பக் கூட்டிப் பெருக்க.

ஷிப்லு கிண்ணத்தோட நடந்தான். முஹ்ரிஸ் கூட வந்தாரு. மதில் படி ஒரு பக்கம், கிடங்குச் சந்து இன்னொரு பக்கம். சந்துல பொம்பளைங்க குனிஞ்சு, கறுப்புத் தூசிய விரலால வழிச்சு, எரியாம மிச்சம் இருக்கற மாவ ஊதி ஊதிப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தி இடுப்புல குழந்தை, அழக்கூட தெம்பு இல்லாத குழந்தை. ஷிப்லு படியில ஒரு கால வச்சான். மேல பாத்தான். மர்ஸூக் மேலேந்து அவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தான், கிண்ணத்தையும்.

ஷிப்லு கால எடுத்துட்டான். சந்துக்குள்ள போய் அந்தப் பொம்பள கையில கிண்ணத்தக் குடுத்தான். யாருதுன்னு அவ கேக்கல. ஆறின கொழுப்ப விரலால எடுத்து மொதல்ல குழந்தை வாயில வச்சா.

திரும்பி வந்தப்ப முஹ்ரிஸ் கேட்டாரு. "சர்கீஸ்கிட்ட என்ன சொல்லுவ?"

 ஷிப்லுக்குத் தெரியல.

இந்தக் கதையப் படிச்ச நீங்க சொல்லுங்க. அந்தக் கிண்ணம் சர்கீஸோடது. தன்னச் சாகடிக்க இருந்தவன் பக்கத்துல வைக்கச் சொன்னது அவன். ஷிப்லு அத மதில் மேல கொண்டுபோயிருக்கணுமா, சந்துக்குள்ள குடுத்தது சரியா? நீங்க அந்தப் படியில நின்னிருந்தா எந்தப் பக்கம் திரும்பியிருப்பீங்க? ரெண்டு வரி போதும், கீழ எழுதுங்க. சர்கீஸ்கிட்ட போய் என்ன சொல்றதுன்னு ஷிப்லுக்கு ஒரு வார்த்தை எடுத்துக் குடுங்க.